துறந்த பொருள் எங்கே? – தவக்காலம் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

நோன்பினை அறியாத சமயம் உலகிற் காண்டல் அரிது. கொழும்பு மாநகரின் வடபால் அமைந்த கொட்டாஞ்சேனையில் வாழ்பவர் இவ்வுண்மையை நூல்களிற் கற்கவேண்டிய தேவை இல்லை. மாசி, பங்குனி மாதங்களிலே சிவராத்திரிக்குக் கண்விழிக்கும் இல்லமும், றமழான் மாதத்தில் அந்திப்பொழுது வரை நீரும் அருந்தாதிருக்கும் இல்லமும், தவக்காலத்து ஒருசந்தி காக்கும் இல்லமும் அங்கு ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து இருத்தல் உண்டு. 2025 ஆம் ஆண்டில் சிவராத்திரி பெப்ரவரி 26 ஆம் திகதியும், றமழான் மார்ச் மாதத் தொடக்கத்திலும், விபூதிப் புதன் மார்ச் 5 ஆம் திகதியும் வந்தமையால், ஏறத்தாழ ஒரு வார எல்லைக்குள் மூன்று சமயத்தாரும் பசியைத் தாமே விரும்பி மேற்கொண்டனர். மனித குலத்தின் உழைப்பிற் பெரும்பகுதி பசியைத் தீர்த்தற்கே செலவாகின்றது. அங்ஙனமிருக்க, அப்பசியை வலிந்து வரவழைத்தல் எவ்வாறு அறமாகும்? இவ்வினா மூன்று சமயத்தார்க்கும் பொதுவானது. எனினும் ஒன்றை ஆழ நோக்குதல் மூன்றை மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதினும் பயனுடைத்து எனக் கருதிக் கத்தோலிக்கரின் தவக்காலத்தை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். ஏனைய சமயத்து அன்பர்கள் தத்தம் நோன்போடு ஒப்புநோக்கிக் கொள்வார்களாக.

ஈழத்துக் கத்தோலிக்கத் தமிழர் இக்காலத்தை முன்னர்த் தபசுகாலம் என வழங்கினர். நாளொன்றில் ஒருவேளை மட்டும் நிறைவாக உண்பதை ஒருசந்தி என்றும், மாமிசம் விலக்கி உண்பதைச் சுத்தபோசனம் என்றும் கூறினர். தொடக்க நாளில் நெற்றியில் இடும் சாம்பலை விபூதி என்றனர். தபசு, ஒருசந்தி, விபூதி ஆகிய சொற்கள் அயல்வீட்டுச் சைவரிடமும் வழங்கியவையே. திருச்சபை வழிபாட்டை உரோமையிலிருந்து பெற்றதாயினும் சொல்லை அயலிலிருந்தே கடன் வாங்கிற்று. கடன் வாங்கிய சொல்லோடு அயலின் வரலாறும் கூடவே வந்து சேரும். 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீதிகளிலே நெற்றிப் பொட்டு ஒருவரின் இனத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாயிற்று. அதனை அழித்துவிட்டு உயிர்தப்பியோர் பலர். தான் மண்ணே என்று ஒப்புக்கொள்ளும் ஒருவர் அதனை நெற்றியில் இட்டுக்கொண்டு காலி வீதியில் நடப்பது, அந்நினைவு அழியாத ஊரில், உரோமையில் நடப்பதற்கு ஒப்பானதன்று. இது நிற்க.

நோன்பின் விதிகள் காலந்தோறும் மாறியுள்ளன. முற்காலத்தில் ஞாயிறு நீங்கலாக நாற்பது நாட்களும் ஒருசந்தி காத்தல் கடமையாக இருந்தது. 1966 பெப்ரவரி 17 ஆம் திகதி பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் விடுத்த ஆணை அதனை விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களுக்குச் சுருக்கிற்று. 1983 இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 18 வயது நிறைந்தோர் முதல் 60 ஆவது வயதிற் புகுவோர் வரை ஒருசந்திக்கும், 14 வயது நிறைந்தோர் யாவரும் சுத்தபோசனத்துக்கும் கட்டுப்பட்டவர் எனக் கூறுகின்றது. இம்மாற்றத்தைத் தளர்ச்சி என்று குறைகூறும் முதியோரை இன்றும் காணலாம். ஆனால் 1966 இன் ஆணையை முழுமையாகப் படிப்போர்க்கு அதன் நோக்கம் வேறென்பது புலனாகும். செல்வ நாடுகளில் வாழ்வோர் தம்மை ஒறுத்து வறிய நாட்டாருக்கு உதவும் அன்புச் செயல்களைப் பெருக்கவேண்டும் என்றும், வறிய நாடுகளில் வாழ்வோர் சமூக நீதிக்காக எவ்வாற்றானும் முயன்றுகொண்டே தம் துன்பத்தை இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கலாம் என்றும் அது வேறுபடுத்திக் காட்டுகின்றது. அதற்கு முன்னரே, 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றி வெளியிட்ட ஏடு, தவக்காலத்து மனவருத்தம் உள்ளத்தோடும் தனியாளோடும் நின்றுவிடாது புறத்திலும் சமூகத்திலும் வெளிப்படல் வேண்டும் என வற்புறுத்தியிருந்தது. ஆக, திருச்சபை ஒரு சுமையைக் குறைத்து வேறொரு சுமையை ஒப்படைத்தது. நம்மிற் பலர் குறைத்ததை மகிழ்ந்து ஏற்றனர்; ஒப்படைத்ததைப் பெற்றுக்கொள்ள எவரும் விரைந்ததாகத் தெரியவில்லை.

சுத்தபோசனத்தை எடுத்துக்கொள்வோம். இறைச்சி செல்வரின் உணவாகவும் மீன் எளியோரின் உணவாகவும் இருந்த ஒரு சூழலில் வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்குதல், செல்வர் ஒருநாள் எளியோரைப் போல் உண்ணுதலாக அமைந்தது. கொழும்பில் நிலைமை தலைகீழானது. அறக்குளாத் துண்டும் இறாலும் இங்குக் கோழி இறைச்சியினும் விலைமிக்கவை. தவக்காலத்து வெள்ளியில் இறாற் குழம்பும் கணவாய்ப் பொரியலும் அறக்குளாச் சொதியுமாக உண்டெழுந்த குடும்பம் சட்டத்தை ஓரெழுத்தும் பிசகாது நிறைவேற்றியதாகும். அவ்விறாலைக் கரைசேர்த்த முகத்துவாரத்துத் தொழிலாளியின் வீட்டில் அன்று பருப்பும் சம்பலும் இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலைச் சிலுவைப் பாதையில் இருவரும் ஒரே கோவிலில் முழந்தாளிடுவர். சட்டத்தின் கணக்கில் இருவர் நோன்பும் ஒன்றே. சட்டத்தை மட்டும் கொண்டு தவத்தை அளக்கப் புகுவோர் வந்து சேரும் இடம் இதுதான்.

துறவைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் வினாக்கள் இரண்டு. எதனை விட்டாய் என்பது ஒன்று. எத்தனை நாட்கள் விட்டாய் என்பது மற்றொன்று. இரண்டும் துறந்தவரையே நோக்கி நிற்பன. அவருடைய மனத்திண்மையை அளப்பதோடு அவை அமைந்துவிடும். இவற்றின் பின்னே மூன்றாவது வினா ஒன்று உண்டு: விட்டது எங்கே சென்றது? உண்ணாது விட்ட சோறு சட்டியிலேயே இருந்து மறுநாட் காலையில் உண்ணப்பட்டதாயின், துறவு நிகழவில்லை; உணவு வேளை மாறியது, அவ்வளவே. நாற்பது நாள் சேர்த்த பணம் உயிர்ப்புப் பெருவிழா விருந்துக்குச் செலவாயிற்றாயின், அஃது ஒரு சேமிப்புத் திட்டம். சேமிப்பு நல்லதுதான், ஆனால் அதற்கு வங்கிகள் உள்ளன.

இம்மூன்றாம் வினா நாம் புதிதாகப் புனைந்ததன்று. இரண்டாம் நூற்றாண்டிலே உரோமையில் எர்மாசு என்பார் எழுதிய 'மேய்ப்பன்' என்னும் நூல், நோன்பு நாளில் ஒருவர் அப்பமும் தண்ணீரும் மட்டும் அருந்தி, வழக்கமாக உண்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு, அத்தொகையைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ கொடுக்கும்படி அறிவுறுத்துகின்றது. அதே நூற்றாண்டினரான அரிஸ்தீதெஸ், கிறித்தவரிடையே வறியவர் ஒருவர் இருந்து, கொடுப்பதற்கு மிகையான உணவு ஏனையோரிடம் இல்லையாயின், அவர்கள் இரண்டு மூன்று நாட்கள் தாம் உண்ணாதிருந்து அவருக்கு உணவளிப்பர் எனப் பேரரசனுக்கு எழுதிய விண்ணப்பத்திற் குறிக்கின்றார். இவ்விரண்டாவது செய்தி நம் சிந்தனையைத் தூண்டவல்லது. அம்மக்கள் நோன்பு நாள் என்பதனால் உண்ணாதிருந்து, பின்னர் மிஞ்சியதைக் கொடுத்தாரல்லர். கொடுக்கவேண்டியிருந்தது; கையிற் பொருள் இல்லை; ஆகவே உண்ணாதிருந்தனர். கொடை முதலில் வந்தது. நோன்பு அதன் விளைவாயிற்று. ஐந்தாம் நூற்றாண்டுப் பாப்பரசரான பெரிய சிங்கராயரும் நோன்பு பற்றிய தம் மறையுரைகளிலே, நோற்போர் விலக்கிய உணவு ஏழையின் உணவாக மாறல் வேண்டும் என்றே போதித்தார். தவக்காலத்தை உண்ணாமையிலிருந்து தொடங்கி அறச்செயலில் முடிக்கும் நம் வழக்கத்தைத் தலைகீழாக்கிப் பார்க்க இச்சான்றுகள் இடந்தருகின்றன.

தமிழ் மாணவர்க்கு இங்குத் திருவள்ளுவரின் நினைவு வாராதிராது. ஈகை அதிகாரத்தில் அவர் இரண்டு ஆற்றல்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்துகின்றார்: தவமியற்றுவோர் தம் பசியைப் பொறுத்துக்கொள்ளும் வலிமை ஒன்று, அப்பசியைப் பிறரிடத்திலிருந்து நீக்குவோர் வலிமை மற்றொன்று. முன்னதற்கு இரண்டாம் இடமே என்பது அவர் முடிபு. நோன்பை அவர் இகழ்ந்தாரல்லர். தவத்துக்கெனத் தனி அதிகாரமே வகுத்தவர் அவர். ஆயினும் பசியைப் பொறுத்தற்கும் பசியை மாற்றுதற்கும் இடையில் ஒரு படி உண்டென்பதை அவர் தயங்காது கூறினார். எர்மாசும் வள்ளுவரும் ஒருவரையொருவர் அறிந்தாரல்லர். ஒரே கணக்கை இருவரும் வேறுவேறு ஏட்டில் எழுதினர் என்பதே வியப்பு.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். நோன்பின் பயன் மனத்தை அடக்கக் கற்றலே. அதற்கு வேறு பயன் தேடுவானேன் என்பர் சிலர். இக்கருத்து இன்று புதிய கோலத்தில் வலம்வருகின்றது. தவக்காலத்துக்கு இனிப்பை விடுவோர், கைத்தொலைபேசியை விடுவோர், நாற்பது நாளில் உடல் எடையைக் குறைக்க முனைவோர் ஆகியோர் வெள்ளவத்தையிலும் உளர், இலண்டனிலும் உளர். மனவடக்கம் பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கத்தியைப் போன்ற ஒரு கருவி. ஓட்டப்பந்தய வீரனுக்கும் அது வேண்டும். நெடுநாள் திட்டமிட்டுக் களவாடுபவனுக்கும் வேண்டும். தன்னை வென்றவன் அவ்வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்று கேளாத ஒழுக்கவியல் பாதியிலேயே நின்றுவிடுகின்றது.

இதனினும் வலிய தடை ஒன்று எதிர்த்திசையிலிருந்து வரும். ஏழைக்குப் பணம் போய்ச் சேர்தலே நோக்கமாயின், பணத்தை நேரே கொடுத்துவிடலாமே. கொடுப்பவர் ஏன் பசித்திருக்கவேண்டும்? வயிறாரத் தின்று பத்தாயிரம் ரூபா கொடுப்பவர், பட்டினி கிடந்து நூறு ரூபா கொடுப்பவரினும் உலகுக்குப் பயன்பட்டவர் அல்லரா? பொருளியல் மாணவர் ஒருவர் இவ்வாறு கேட்டால் அவரை எளிதில் மடக்க இயலாது. பசித்தவருக்குச் சோற்றின் சுவை கொடுத்தவரின் மனநிலையைப் பொறுத்து மாறுவதில்லை. ஆகையால் பெருந்தொகையை எள்ளுதல் தகாது. ஆயினும் கொடை என்பது பொருள் கைமாறுதலோடு முடிவதாயின், அது மழை பெய்வதைப் போன்றது. பெய்த பின்னரும் வானம் வானமாகவே இருக்கும், நிலம் நிலமாகவே இருக்கும். மிகுதியிலிருந்து கொடுப்பவர் எத்துணை கொடுத்தாலும் தாம் நிற்கும் இடத்திலிருந்து இறங்குவதில்லை. அடுத்த ஆண்டும் அவர் கொடுப்பவர், மற்றவர் வாங்குபவர். நோன்பு செய்வது வேறு. பிற்பகல் மூன்று மணியளவில் தலை இலேசாகச் சுற்ற, எரிச்சல் மூண்டு, செய்யும் வேலையிற் பிழைகள் மலியும்போது, பசி என்பது வெறும் வயிற்றுநோவு அன்று, அது அறிவையும் பண்பையும் தாக்குவது என்பதனை ஒருவர் தம் உடலாற் கற்கின்றார். காலையில் உண்ணாது வந்த பிள்ளை வகுப்பில் ஏன் மந்தமாக இருக்கின்றது, முழுநாளும் சுமை தூக்கிய நாட்டாமை மாலையில் ஏன் சீறி விழுகின்றார் என்பவை அப்போதுதான் விளங்கும். இவ்வறிவு இன்றிக் கொடுப்பவர், வாங்குவோரைச் சோம்பேறி என்று உள்ளூர எண்ணிக்கொண்டே கொடுக்கவும் கூடும். ஆகவே நோன்பு கொடையைக் கூட்டுவதற்காக ஏற்பட்டதன்று. கொடுப்பவரின் கண்ணைத் திருத்துவது அதன் தொழில். ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரு காசு இட்ட கைம்பெண்ணை இயேசு சுட்டிக்காட்டியபோது, எஞ்சியது எவ்வளவு என்று பார்த்தாரேயன்றி விழுந்தது எவ்வளவு என்று பார்த்தாரல்லர்.

ஆயினும் பசியால் விளையும் அறிவைப் பற்றி மிகையாகப் பேசுதல் ஆபத்தானது. விரும்பி ஏற்ற பசிக்கு ஒரு முடிவு நேரம் உண்டு; மற்றப் பசிக்கு இல்லை. 2022 ஆம் ஆண்டுத் தவக்காலத்தை இந்நகரத்தார் மறந்திரார். அவ்வாண்டு விபூதிப் புதன் மார்ச் 2 ஆம் திகதி வந்தது. தொடர்ந்த வாரங்களில் சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசைகளிற் காத்து நின்றனர். பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமையான ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. அத்தவக்காலத்தில் அடுப்பெரிக்க வழியின்றி ஒருவேளை உணவோடு படுத்த குடும்பங்களை நோக்கி ஒருசந்தி காக்குமாறு போதிப்பது எவ்வளவு பொருந்தாதது என்பதை விளக்கவேண்டியதில்லை. உணவு உடையவரே உணவைத் துறக்க முடியும். துறத்தற்கு ஒன்று இருத்தலே ஒரு வகையில் செல்வம். ஆகவே தன்னால் நோன்பிருக்க முடிகின்றது என்று காணும் ஒருவர், அதனைத் தம் பத்திக்குச் சான்றாகக் கொள்வதன் முன், தம்மிடம் உள்ள மிகைக்குச் சான்றாகக் கொள்வது நேர்மையாகும்.

அம்மிகை எங்கிருந்து வந்தது என்பது அடுத்த வினா, சங்கடமானதும் அதுவே. தவக்காலத் திருப்பலிகளில் இசையாஸ் இறைவாக்கினரின் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் ஆண்டுதோறும் வாசிக்கப்படுகின்றது. நோன்பு நாளிலேயே தம் வேலையாட்களை வருத்தி இலாபம் தேடுவோரை அவர் கடிந்துகொள்கின்றார். கட்டுண்டோரை விடுவித்தலும் பசித்தோரோடு உணவைப் பகிர்தலுமே இறைவன் விரும்பும் நோன்பு என்பது அவர் போதனை. வெள்ளவத்தை இன்று மாடிக் குடியிருப்புகளால் நிறைந்த பகுதி. அவ்வீடுகளிற் பலவற்றுக்கு மலையகத்திலிருந்தோ நகரத்தின் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தோ வேலைக்கு வரும் பெண்கள் உள்ளனர். வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை தோறும் புனித லோரன்ஸ் ஆலயத்துக்குச் சிலுவைப் பாதைக்குச் செல்பவராக இருக்கலாம். ஒருசந்தி தவறாதவராகவும் இருக்கலாம். அப்பெண்ணுக்கு வார விடுமுறை உண்டா, நோயுற்ற நாளுக்குச் சம்பளம் உண்டா, மாலையில் வீடு திரும்பப் பேருந்து இருக்கும் நேரத்தில் அவளை விடுகின்றார்களா என்பவை தவக்காலத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட 'வீட்டு விடயங்கள்' என்றே கருதப்படுகின்றன. இசையாசுக்கு இவையே நோன்பின் உள்ளடக்கம். கூலியிற் குறைத்ததை ஒருவர் காணிக்கைப் பெட்டியில் இடுவாராயின், அது தருமமா, உரியவரிடம் சேராத கடனா என்பதை மாணவர்கள் விவாதிக்கலாம். நாற்பது நாள் இனிப்பை விடுவதற்குப் பதிலாக நிலுவைக் கணக்கொன்றைத் தீர்ப்பவரின் தவக்காலம் மற்றவருக்குத் தெரியாது. வேலைக்கு வரும் பெண்ணுக்கு மட்டும் தெரியும்.

1977 இல் இலங்கைக் குருவானவர் திஸ்ஸ பாலசூரிய, நற்கருணையும் மனித விடுதலையும் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். கிறித்தவ சமூகங்கள் வாரந்தோறும் ஒரே அப்பத்தைப் பகிர்ந்தும் அவற்றிற் சுரண்டல் ஏன் குறையவில்லை என்பது அதன் உட்கிடையான வினா. பிற்காலத்தில் வேறு ஒரு நூல் காரணமாகத் திருச்சபைத் தலைமையோடு அவருக்கு ஏற்பட்ட பிணக்கும் 1998 இல் அது தீர்ந்ததும் பலரறிந்தவை. அவருடைய இறையியலை ஏற்காதாரும் அவ்வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. அதனைத் தவக்காலத்துக்கும் பொருத்திக் கேட்கலாம்.

உணவும் பணமும் போலவே கண்ணீரும் இக்காலத்திற் பெருகுவது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் ஆட்சியின் நெருக்கடிக்குள் இலங்கையிற் பணியாற்றிய கோவைத் தேசத்துக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் (இறப்பு 1742), கிறித்துவின் பாடுகளைச் சிங்களத்திலும் தமிழிலும் உருக்கமான பிரசங்கங்களாக எழுதினார். தமிழில் அவை வியாகுல பிரசங்கம் எனப் பெயர்பெற்றன. அம்மரபில் வந்த புலம்பல்களைத் தவக்கால இரவுகளில் முதிய பெண்கள் ஒப்பாரிச் சாயலிற் பாடக் கேட்டோர், கேட்டபின் பேசாதிருந்த அமைதியை அறிவர். அது நம் பண்பாட்டின் அருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய துன்பத்துக்காக அழுதல் ஒருவகையில் எளிது. அது நம்மிடம் எதனையும் திருப்பிக் கேட்பதில்லை. அக்கண்ணீர் எங்கே சென்றது என்னும் வினாவையும் நாம் எழுப்புதல் தகும். இவ்வினாவுக்குக் கொட்டாஞ்சேனையின் வரலாறே இரண்டு மறுமொழிகளைத் தந்துள்ளது, ஒன்று வெட்கத்துக்குரியது.

325 இல் கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதி, நாற்பது நாட்காலத்தைக் குறிப்பிடும் மிகப் பழைய திருச்சபை ஆவணங்களுள் ஒன்று. அது உணவைப் பற்றிப் பேசவில்லை. ஆயர்கள் நாற்பது நாட்காலத்தின் முன் கூடி வழக்குகளை ஆராயவேண்டும். மனக்கசப்புகள் யாவும் நீங்கிய பின் தூய காணிக்கை இறைவனுக்குச் செலுத்தப்படல் வேண்டும் என்பதே அதன் கருத்து. பகை தீர்த்தல் தவக்காலத்தின் வாயிலில் வைக்கப்பட்டது. இனி, 1883 மார்ச் 25 ஆம் திகதிக்கு வருவோம். அன்று உயிர்ப்பு ஞாயிறு. மிகெட்டுவத்த குணானந்த தேரர் வாழ்ந்த கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராம விகாரையை நோக்கிப் பௌத்தர்களின் ஊர்வலமொன்று வந்தது. கத்தோலிக்கர் அதனை வழிமறித்துத் தாக்கினர். பௌத்தர் ஒருவர் உயிரிழந்தார். எவரும் தண்டிக்கப்படவில்லை என்னும் மனக்குறையே கேணல் ஒல்கொட் 1884 இல் இலண்டன் சென்று முறையிடுவதற்கும், 1885 முதல் வெசாக் நாள் அரச விடுமுறையாவதற்கும் வழிவகுத்தது. வரலாற்று மாணவர் இதனைப் பௌத்த மறுமலர்ச்சியின் ஓர் அத்தியாயமாகக் கற்பர். நமக்கு இங்கு வேண்டியது வேறொரு செய்தி. தடியோடு வீதியில் நின்றோர், அக்கால விதிப்படி, அப்போதுதான் நாற்பது நாள் ஒருசந்தியை முடித்திருந்தனர். இறைச்சியைத் துறந்தனர், பாடுகளைக் கேட்டு அழுதனர், சினத்தைத் துறக்கவேண்டும் என்பது அவர்தம் கணக்கில் இடம்பெறவில்லை.

நூற்று முப்பத்தாறு ஆண்டுகளின் பின்னர், 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, மற்றோர் உயிர்ப்பு ஞாயிற்றுக் காலையிலே, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திற் குண்டு வெடித்தது. கட்டுவப்பிட்டிய, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களும் கொழும்பின் மூன்று விடுதிகளும் அன்று தாக்கப்பட்டன. நாடெங்கும் 250 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தாரும் மெழுகுதிரி ஏற்ற வரும் இடம் கொச்சிக்கடை. அடுத்தடுத்த நாட்களிற் சட்டத்தைக் கையிலெடுக்க வேண்டாமெனக் கர்தினால் மல்கம் ரஞ்சித் வேண்டினார். ஆயினும் மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் தாக்குதலோடு தொடர்பற்ற முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. தமிழே பேசி, ஒரே சந்தையில் மரக்கறி வாங்கி, ஒரே ஒழுங்கையில் வாழும் மக்கள் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கிய மாதங்கள் அவை. பர்தா அணிந்து கொட்டாஞ்சேனையில் நடந்த ஒரு பெண்ணின் அச்சமும், 1983 இல் பொட்டை அழித்த பெண்ணின் அச்சமும் ஒரே இனத்தவை என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர் உணர்வதற்கு நூலறிவு வேண்டியதில்லை, நினைவாற்றல் போதும்.

2020 உயிர்ப்பு ஞாயிறன்று, நோய்த்தொற்றால் ஆலயங்கள் மூடியிருந்த வேளை ஒளிபரப்பான திருப்பலியிலே, தாக்கியோரை மன்னித்துவிட்டதாகக் கர்தினால் கூறினார். அடுத்த ஆண்டு, 2021 மார்ச் 7 ஆம் திகதி, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, கத்தோலிக்கர் கறுப்பு உடை அணிந்து திருப்பலிக்குச் சென்று நீதி கோரினர். முன்னர் மன்னிப்பு, பின்னர் நீதிக் கோரிக்கை. இவை ஒன்றையொன்று மறுப்பன அல்லவா என வினவியோர் உண்டு. அவ்வினா நேர்மையானதே. மன்னிப்பு என்பது நடந்ததை மறத்தல் எனக் கொள்வோர்க்கு இரண்டும் முரண்படும். ஆனால் சினத்துக்கும் நம் மூன்றாம் வினாவைப் பொருத்திப் பார்ப்போம். துறந்த சினம் எங்கே செல்லும்? எங்கும் செல்லாது நெஞ்சிற் புதையுமாயின், என்றோ ஒருநாள் அயலவன் கடையை அது எரிக்கும். பழிவாங்கலை விட்டவர், அவ்வாற்றலை உண்மையைக் கண்டறிதலின்பாற் செலுத்துவாராயின், அது துறவின் முறையான பயன். மன்னித்தவர் தண்டிக்கும் உரிமையைத் தம் கையிலிருந்து நீக்கி நீதிமன்றத்தின் முன் வைக்கின்றார். பாவசங்கீர்த்தன மரபும் இதனையே கூறும்: மனத்துயர் உண்டு, அறிக்கை உண்டு, பரிகாரமும் உண்டு, களவாடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க மறுப்பவனுக்குப் பாவமன்னிப்பு இல்லை. தனியாளுக்கு உரிய இவ்விதி அரசுக்கு மட்டும் பொருந்தாதா? 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஏனைய அதிகாரிகளுக்கும் தொகைகள் விதிக்கப்பட்டன. அது பரிகாரத்தின் ஒரு பகுதி. அறிக்கையிடுதல் என்னும் பகுதி, அதாவது யார் அறிந்திருந்தனர், யார் வாளாவிருந்தனர் என்பதை முழுமையாகச் சொல்லுதல், பணத்தால் ஆவதன்று. தற்செயலாக, 2021 இன் அக்கறுப்பு ஞாயிறன்று வாசிக்கப்பட்ட நற்செய்தி, இயேசு ஆலய முற்றத்து வணிகரைச் சாட்டையால் விரட்டியதைப் பற்றியது.

இத்தகைய மன்னிப்பைப் பிள்ளையை இழந்த தாயிடம் எவரும் கேட்டு வாங்க இயலாது. அது அவருக்கே உரிய பொருள். அதனைத் துறப்பதும் வைத்திருப்பதும் அவருடைய உரிமை. அவ்விழப்பைச் சந்திக்காத நாம் அவர் சார்பில் மன்னிப்பதும் தகாது. அவர் சார்பில் வெறுப்பதும் தகாது. நாம் துறக்கக்கூடியவை சிறியவை: அயலாரைப் பற்றிய ஒரு வதந்தியை அடுத்தவருக்கு அனுப்பாதிருத்தல், வீடு வாடகைக்குக் கொடுக்கும்போது பெயரைக் கேட்டு முகம் மாறாதிருத்தல் போன்றவை. இறாலை விடுவதினும் இவை கடினம்.

இறுதியாக, இவ்விதழின் வாசகர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார் ஆதலின், அருகில் உள்ள ஒரு கணக்கையும் குறித்தல் பொருந்தும். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து கொழும்பில் அறை எடுத்துத் தங்கிப் பயிலும் மாணவரிடையே, தவக்காலம் இன்றியே ஒருசந்தி காப்போர் உளர். மகாபொல உதவித்தொகை வந்து சேரும் நாளை எண்ணிக்கொண்டு காலையுணவை விடுவர். பகலில் ஒரு சோற்றுப் பார்சலை இருவராகப் பகிர்வர். கேட்டால் பசியில்லை என்பர். அவர்களுக்கு அருகிலேயே விபூதிப் புதனன்று விரும்பி நோன்பிருக்கும் கத்தோலிக்க மாணவனும் இருக்கின்றான். எர்மாசின் விதியை அவன் பின்பற்ற விரும்பினால், தான் அன்று வாங்காது விட்ட பார்சலின் விலையை அறிவதில் இடர் இல்லை. இடர் உள்ளது கொடுக்கும் முறையில். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கவேண்டும் என்று இயேசு கூறியது கொடுப்பவனின் தற்பெருமையைத் தடுப்பதற்கு மட்டும் அன்று. வாங்குபவனின் முகம் கறுக்காதிருத்தற்கும் ஆகும். நண்பன் கையில் பணத்தைத் திணித்தல் நட்பையே முறிக்கலாம். பணத்தை முன்கூட்டியே சிற்றுண்டிச்சாலையிற் செலுத்திவைத்து, கையிற் பணமின்றி வருபவர் எவராயினும் சாப்பாடு கொடுக்கும்படி சொல்லிவைக்கலாம். எவரெவர் தேநீரோடு எழுந்து செல்கின்றனர் என்பதைச் சிற்றுண்டிச்சாலைக்காரர் நம்மினும் நன்கறிவார்.